ஒரு பச்சைக்கு ஒரு வண்டி

ஹெப்பாள ஏற்றத்தில் புதிதாக ஒரு விளக்கு.
பச்சை ஒன்றரை நொடி.
சிவப்பு, நான் சொல்லும்வரை.
நான் என்றால் நானில்லை.
தாருக்கடியில் சுருண்டு கிடக்கும் செப்புக் கம்பி
மேலே போகிற இரும்பை எண்ணிச் சொல்ல,
பெட்டிக்குள் ஒரு கணக்கு அதை வகுத்துப் பார்க்க,
கணக்கு தவறினால் விசையைத் தட்ட
மடக்கு நாற்காலியில் நான்.
ஒப்பந்த வேலை. மஞ்சள் மேலங்கிக்கு முந்நூறு பிடித்தம்.

மேலே பாலம் காலியாகத்தான் தெரிகிறது.
அதுதான் சிக்கல்.
"ரோடு காலி இதெ அல்லா ரீ?" என்கிறார்
ஸ்கூட்டரின் முன்னால் மீன்தொட்டி வைத்திருப்பவர்.
தொட்டியில் தண்ணீர் அலம்புகிறது.
மீன் கண்ணாடியில் வாயை வைத்து
அதையே கேட்கிறது.

பயிற்சியில் ஒரு வளைகோடு காட்டினார்கள்.
வண்டி கூடக் கூட ஓட்டமும் கூடும்,
ஓரிடம் வரை.
அப்புறம் ஒரே ஒரு வெள்ளைக் கார்
பாவம், அதன்மேல் தப்பில்லை,
அது நுழைய, ஒருவர் பிரேக்கைத் தொட,
அவர் பின்னால் வருபவர் அழுத்த,
அடுத்தவர் மிதிக்க,
இரண்டு கிலோமீட்டர் தள்ளி
எதையுமே பார்க்காத ஒருத்தி
நின்றே போகிறாள்.
ஏன் நின்றோம் என்று அவளுக்கு
யாரும் சொல்லப் போவதில்லை.

ஓசூர்ப் பதிவெண் டெம்போ, எட்டாவது வண்டி.
ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி
"டேய் மடையா!"
இந்த ஊரில் எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்.
புரிந்தது. கோபம் வரவில்லை.
மடையைத் திறந்து மூடுகிறவன் மடையன் என்று
ஒரு விளக்கம் சொல்வார்கள்.
சரியோ தவறோ,
இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர்
என் அடையாள அட்டையில் இல்லை.

அறிக்கையில் எழுத இடமில்லாத ஒன்று:
பாலத்தில் ஆறு நிமிடம் மிச்சமாம்.
ஏற்றத்தில் பதினொன்று கூடியிருக்கிறது.
விமான நிலையத்திலிருந்து வருகிறவர் கைக்கு
நாகவாராவிலிருந்து வருகிறவர் பையிலிருந்து
சில்லறை மாறுகிறது,
நடுவில் நான் நிற்கிறேன்.
கார்மென்ட்ஸ் வேனில் பதினாலு பெண்கள்.
கம்பிக்கு அது ஒரு வண்டி.
ஒற்றை ஆள் ஏசி போட்டுப் போகும் காரும்
கம்பிக்கு ஒரு வண்டி.

வேன் ஜன்னலோரம் சலோமி.
பெயர், கழுத்தில் தொங்கும் அட்டையில் படித்தது.
"அண்ணா, எட்டரைக்குக் கேட் சாத்திடுவான்.
அரை நாள் சம்பளம் போயிடும்."
கெஞ்சவில்லை. மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை எட்டு பத்துக்கு விசையைத் தட்டினேன்.
வேனுக்கு முன்னால் ஒன்பது வண்டி.
வேனை விட வேண்டுமென்றால்
ஒன்பதையும் விட வேண்டும்.
பின்னால் வந்தவர்கள் பச்சையைப் பார்த்தார்கள்,
பச்சை பச்சையாகவே இருப்பதைப் பார்த்தார்கள்,
விடுவார்களா?
பஸ், ஆட்டோ, தண்ணி லாரி, மீன்தொட்டி.
ஏற்றம் ஒரு நிமிடத்தில் துடைத்த மாதிரி ஆனது.
யாரோ எனக்குக் கும்பிடுகூடப் போட்டார்.

எட்டு பதினேழுக்குப் பாலம் உறைந்தது.
நாற்காலி மேல் ஏறிப் பார்த்தேன்.
சிவப்பு விளக்குகளின் நெரிசலில், நடுத் தடத்தில்,
கூரையில் நீலத் தார்ப்பாய் கட்டிய வேன்
நான் திறந்து விட்டதற்குள்ளேயே
நின்றுகொண்டிருந்தது.

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
கைத்தவறு என்று எழுதிக் கொடுத்தேன்.
ஒரு நாள் கூலி பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை. வேன் நாலாவது.
சலோமி ஜன்னலில் விரல் மடக்கி எண்ணுகிறாள்.
முந்தின நாள் கேட் சாத்தியிருந்ததா என்று
நான் கேட்கவில்லை.
அவளும் என் பக்கம் திரும்பவில்லை;
விளக்கைத்தான் பார்க்கிறாள்.
மூன்று விரல் மடங்கியிருக்கிறது.